பள்ளிக்கூட வாசலை மீட்போம்!

(காய்கறி விவசாயிகள் கோரிக்கைக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

 

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் விடியக்காலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சரக்கைப் போட்டுவிட்டு, அப்படியே கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். சட்டைப் பையில் கமிஷன் கடைச் சீட்டு இருக்கும். கையில் ஒரு மஞ்சப்பை இருக்கும். அந்த மஞ்சப்பைக்குள் என்ன இருக்கு? வீட்டில் பேரனோ பேத்தியோ கேட்டதுன்னு வாங்கின சிப்ஸ் பாக்கெட் நாலு இருக்கும். யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நம்ம பையிலும் இருக்கு.

இன்றைக்குப் பேச வந்த விஷயமே அதுதான். ஒரு கையில் காய்கறியை விற்கிறோம். அந்தக் காசிலேயே மறு கையில் பாக்கெட்டை வாங்குகிறோம். விற்கும்போது விலை சொல்கிற உரிமை நமக்கு இல்லை. வாங்கும்போதும் இல்லை. இது எப்படி நடந்தது, இதை எப்படி மாற்றுவது என்று யோசிக்கத்தான் கூடியிருக்கிறோம்.

சீட்டும் பாக்கெட்டும்

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். கணக்குப் பார்த்தால் உழவனுக்கு உழக்கும் மிஞ்சாது என்று சொல்லிச் சொல்லியே நம்மைக் கணக்குப் போடவிடாமல் பண்ணிவிட்டார்கள்.

ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எடை சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பன்னிரண்டு கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோ என்ன விலை ஆச்சு? நானூறு ரூபாய்க்கு மேலே! ஒரு கிலோ சிப்ஸ் பண்ண சுமார் நாலு கிலோ உருளைக்கிழங்கு வேணும். உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், எண்ணெயில் போட்டால் ஆவியாகப் போய்விடும். கிலோ இருபது ரூபாய் என்று நல்ல விலையே வைத்தாலும் கிழங்குக்குப் போவது எண்பது ரூபாய். மிச்சம் முந்நூறுக்கு மேல் எங்கே போகுது?

எண்ணெய், மசாலா, கரண்ட், பாக்கெட், லாரி, வரி, கடைக்காரர் கமிஷன், டி.வி. விளம்பரம், அதுக்கு மேலே லாபம். இதில் பல செலவு நியாயமான செலவுதான், இல்லேன்னு சொல்லலை. ஆனால் கிழங்கை விளைவித்தவனுக்கு வந்த பங்கு எவ்வளவு என்று பாருங்கள்.

சரி, சிப்ஸை விடுங்கள். பச்சைக் காய்கறிக்கு என்ன நிலைமை? 2024-இல் ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. தக்காளி வாங்குகிறவர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்கு வந்து சேருவது சுமார் 33 பைசா. வெங்காயத்தில் 36 பைசா. உருளைக்கிழங்கில் 37 பைசா. இது நம்ம சங்கம் சொன்ன கணக்கு இல்லை, ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. வெட்டாமல், பொரிக்காமல், பாக்கெட் போடாமல், அப்படியே விற்கிற காயிலேயே மூன்றில் இரண்டு பங்கு வழியில் போய்விடுகிறது.

வாசலில் உட்கார்ந்திருந்த அப்பத்தா

நம்ம வயசுக்காரர்கள் படித்த பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு அப்பத்தா சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும். கூறு கட்டின நெல்லிக்காய், இலந்தைப்பழம், கீற்றுப் போட்ட மாங்காய், வெள்ளரிப் பிஞ்சு, அவித்த கடலை, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தை பிறந்தால் பனங்கிழங்கு. காசு இல்லைன்னா "நாளைக்குக் கொடு சாமி" என்று சொல்லி ஒரு கீற்று மாங்காயில் உப்பு மிளகாய்ப்பொடி தடவிக் கொடுக்கும்.

அந்தச் சாக்கில் இருந்த ஒவ்வொரு பண்டமும் அந்த ஊர்க் காட்டில் விளைந்தது. பத்து பைசா, இருபத்தைந்து பைசா வியாபாரம்தான். ஆனால் அது நம்ம சந்தை. நமக்குப் பெயர் சொல்லத் தெரியாத ஒரு சந்தை. "ஸ்நாக்ஸ்" என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, அதைக் காய்கனியில் வைத்து நாம் எப்போதோ நடத்திக்கொண்டிருந்தோம்.

அந்த அப்பத்தா எங்கே போனது? அந்த இடத்தில் இப்போது சரம் சரமாகப் பாக்கெட் தொங்குகிறது. 1990-களில் கதவு திறந்துவிடப்பட்டது. பெரிய கம்பெனிகள் வந்தன. அவர்கள் பட்டணத்தோடு நிற்கவில்லை. சின்னப் பாக்கெட் போட்டு, கடைசி குக்கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் வண்டி அனுப்பினார்கள். நம்ம ஊருக்கு டவுன் பஸ் வராத நாள் உண்டு, சிப்ஸ் வண்டி வராத வாரம் கிடையாது!

விளைவு என்ன? நூறு கிராம் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், அதோடு உப்பு. நூறு கிராம் கேரட்டில் சுமார் 40 கலோரிதான், கூடவே கண்ணுக்கு வேண்டிய சத்து, நார்ச்சத்து. நம்ம நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. எல்லாத்துக்கும் சிப்ஸ்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனால் பத்து வயசிலேயே காயைத் தள்ளிவிட்டுப் பாக்கெட்டுக்கு நாக்கைப் பழக்குகிற பிள்ளை, நாற்பது வயசில் என்ன ஆகும் என்று நாமே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

அமெரிக்காவில் ஒரு கேரட் விவசாயி

"பிள்ளைங்க பாக்கெட்டைத்தான் கேக்குது, காயை யாரு சாப்பிடுறா?" என்று சிலபேர் கேட்பீர்கள். அதற்குப் பதிலாக ஒரு கதை சொல்கிறோம். கதை என்றாலும் நடந்த கதை. நடந்த இடம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கம்.

அங்கே மைக் யூரோசெக் என்று ஒரு கேரட் விவசாயி. நம்ம கொடைக்கானல் மேல்மலைக்காரர்களுக்கு இருக்கிற அதே தலைவலி அவருக்கும் இருந்தது. வளைந்தது, உடைந்தது, கோணலானது எதையும் கடைக்காரன் எடுக்க மாட்டான். கழித்த கேரட்டை மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டார். அதற்கும் மிஞ்சிக் கிடந்தது. 1986-இல் அவர் ஒரு வேலை செய்தார். பீன்ஸ் நறுக்குகிற பழைய மிஷின் ஒன்றை வாங்கி, கழிவுக் கேரட்டை இரண்டு அங்குலத் துண்டாக வெட்டினார். தோல் சீவி, முனையை உருட்டி, கழுவி, பையில் போட்டுக் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர்கள் மறுபடி போன் பண்ணி இனிமேல் இதைத்தான் அனுப்பு என்றார்களாம். கழிவுக்குப் போன சரக்கு, முழுக் கேரட்டைவிடப் பல மடங்கு விலைக்குப் போனது. அடுத்த பத்து வருஷத்தில் அந்த நாட்டில் ஒரு ஆள் சாப்பிடும் கேரட்டின் அளவே வெகுவாக ஏறிவிட்டது.

இரண்டாவது பாகத்தைக் கேளுங்கள். 2010-இல் கேரட் விற்பனை படுத்தது. அப்போது போல்ட்ஹவுஸ் என்கிற பெரிய கேரட் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர், அதற்கு முன்னால் கோக கோலாவில் பெரிய பதவியில் இருந்தவர். அவருக்குத் தெரிந்த வித்தை எது? கலர் தண்ணீரை விற்ற வித்தை. கேரட் விவசாயிகள் சுமார் ஐம்பது பேரைச் சேர்த்துக்கொண்டு இரண்டரைக் கோடி டாலரில் விளம்பரம் போட்டார்கள். அந்த விளம்பரத்தில் "வைட்டமின் இருக்கு, கண்ணுக்கு நல்லது" என்று ஒரு வார்த்தை கிடையாது! "நொறுக்குத்தீனி மாதிரி தின்னு" என்பதுதான் வாசகம். சிப்ஸ் பாக்கெட் மாதிரியே மினுமினுப்பான பை. பள்ளிக்கூடத்தில் காசு போட்டால் கேரட் விழுகிற மிஷின். சின்சினாட்டி, சிராக்யூஸ் என்ற இரண்டு ஊரில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். விற்பனை பத்து சதவீதம் போலக் கூடியது என்று செய்தி வந்தது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? கேரட் அதே கேரட்தான். மாறினது விற்ற விதம். "நல்லது, சாப்பிடு" என்று சொன்னால் எந்த ஊர்ப் பிள்ளையும் சாப்பிடாது. அது மருந்து மாதிரி ஆகிவிடும். கடித்தால் கரக்கென்று சத்தம் கேட்கணும். நாக்கில் சுரீர்னு இருக்கணும். கையில் இருக்கிற காசுக்குக் கிடைக்கணும். பசிக்கிற நேரத்தில், பசிக்கிற இடத்தில் இருக்கணும். சிப்ஸ் கம்பெனிக்காரன் இந்த நாலையும் புரிந்துகொண்டான். நம்ம அப்பத்தாவுக்கும் இது தெரியும். நடுவில் நாம்தான் மறந்துவிட்டோம்.

பாக்கெட் யாருடையது?

தோழர்களே, கதையை இத்தோடு முடித்தால் நாமும் கம்பெனிக்கு விளம்பரம் செய்ததாக ஆகிவிடும். மூன்றாவது பாகம் இருக்கிறது.

2012-இல் அந்த போல்ட்ஹவுஸ் கம்பெனியை கேம்ப்பெல் சூப் என்ற இன்னொரு பெரிய கம்பெனி 155 கோடி டாலருக்கு வாங்கியது. 2019-இல் 51 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டது. அங்கே கேரட் தொழில் பெரும்பாலும் இரண்டு பெரிய கம்பெனிகளின் கைக்குள் இருக்கிறது. கேரட்டுக்கு மவுசு வந்தது. அந்த மவுசு யார் பெயரில் எழுதப்பட்டது? பாக்கெட்டில் யார் பெயர் இருந்ததோ அவர்கள் பெயரில். அவர்கள் அதை வாங்கலாம், விற்கலாம், கைமாற்றலாம். சின்ன விவசாயி சரக்குப் போடுகிறவன் மட்டும்தான்.

நம்ம நாட்டிலேயே பார்த்தோமே! 2019-இல் குஜராத்தில் ஒன்பது உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல் பெப்சி கம்பெனி வழக்குப் போட்டது. தன் சிப்ஸுக்காகப் பதிவு செய்து வைத்திருந்த ரகத்தை அனுமதி இல்லாமல் பயிரிட்டார்கள் என்று குற்றச்சாட்டு. அதில் நாலு பேரிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டார்கள். நாடு முழுக்க விவசாயிகள் கொதித்தார்கள். ஒரே மாதத்தில் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவையே அதற்கான ஆணையம் ரத்து செய்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பாக்கெட்டும் அவர்களுடையது, விதையும் அவர்களுடையது என்றால் நமக்கு மிஞ்சுவது வியர்வை மட்டும்தான்!

மறுபக்கம் பாருங்கள். அதே குஜராத். கேடா மாவட்டம். 1946-இல் பால்காரர்கள் ஒன்றுகூடி, தனியார் டெய்ரிக்குப் பால் ஊற்ற மாட்டோம் என்று போராட்டம் நடத்திச் சொந்தமாகச் சங்கம் வைத்தார்கள். அதுதான் அமுல். பாக்கெட் மேலே இருக்கிற பெயர் அவர்களுடையது. வாங்குகிறவர் கொடுக்கும் ஒரு ரூபாயில் 80 பைசாவுக்குக் குறையாமல் உற்பத்தி செய்தவர்களுக்குப் போகிறது என்று அமுல் சொல்கிறது. பால் வேற, காய்கறி வேற, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் 33 பைசா எங்கே, 80 பைசா எங்கே? அந்த வித்தியாசத்துக்குப் பெயர்தான் சங்கம்.

ஆகவே நம்ம முழக்கம் காயைப் பாக்கெட்டில் போடணும் என்பது மட்டும் இல்லை. அந்தப் பாக்கெட்டுக்குச் சொந்தக்காரன் விவசாயியாக இருக்கணும்!

நம்மகிட்ட என்ன இருக்கு?

"மிஷினுக்கும் விளம்பரத்துக்கும் எங்கே போறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம்ம சங்கக் கிளை ஒன்றில் இதைச் செய்து பார்த்தோம். முதலில் தோற்றுப் போனோம். தோற்றதையும் சொல்கிறோம்.

மேல்மலைக் கேரட்டை வாங்கிச் சீவி, நறுக்கி, பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டு போனோம். "உடம்புக்கு நல்லது" என்று அட்டையில் எழுதி வைத்தோம். மத்தியானத்துக்குள் துண்டெல்லாம் வெளுத்துக் காய்ந்து போனது. சில கவரில் வேர்த்து ஒரு வாடை வந்துவிட்டது. பிள்ளைகள் அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போயின. மிச்சத்தை மாட்டுக்குத்தான் போட்டோம்.

அப்புறம்தான் புத்தி வந்தது. நறுக்கின காய்க்குக் குளிர் வேணும், சுத்தமான தண்ணீர் வேணும். அமெரிக்காக்காரன் வயலில் இருந்து கடை வரைக்கும் குளிரிலேயே கொண்டு போகிறான். நமக்கு அந்த வசதி இல்லை. அப்படியானால் நறுக்காமல் விற்கக்கூடியது எது, அவித்துச் சுடச்சுட விற்கக்கூடியது எது என்று பார்த்தோம். ஊர்த் தாய்மார்களிடம் கேட்டோம். அவர்கள் ஒரே மூச்சில் பட்டியல் போட்டார்கள்.

புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரிக் கடலை வருது, பச்சைக் கடலையை அவித்தால் போதும். ஆயக்குடிக் கொய்யா இருக்கு. மார்கழிக்குள் நெல்லி, மார்கழி தையில் இலந்தை, தை மாசியில் பனங்கிழங்கு. சர்க்கரைவள்ளி, மக்காச்சோளக் கதிர், தட்டைப்பயறுச் சுண்டல், சிறுமலை வாழைப்பழம். கேரட்டைச் சீவாமல் கழுவி முழுசாக வைத்துக்கொண்டு, பிள்ளை கேட்கும்போது நாலாகக் கீறி எலுமிச்சம் சாறு பிழிந்து கொடுத்தால் போதும். வெள்ளரிப் பிஞ்சும் அப்படித்தான். வெள்ளரி கோடையில்தான் குவியும், அப்போது பள்ளிக்கூடம் லீவு, அதனால் அந்த இரண்டு மாதம் பஸ் ஸ்டாண்டு, திருவிழாக் கூட்டம், பழனி பாதை.

இரண்டாவது தடவை அட்டை எதுவும் வைக்கவில்லை. தாய்மார்கள் இரண்டு பேர் இண்டர்வெல் மணிக்குக் கால்மணி முன்னால் போய் உட்கார்ந்தார்கள். மந்தாரை இலையில் மடித்த கடலை, கீறின வெள்ளரி. விலை ஐந்து ரூபாய், பாக்கெட் விலைதான். மணி அடித்த பத்தாவது நிமிஷம் கூடை காலி. கூடையைச் சுற்றி நின்ற பிள்ளைகளில் பாதி நம்ம வீட்டுப் பிள்ளைகள். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கூட்டத்தைப் போட்டோம்.

ஆனால் ஒன்று. வாரத்தில் இரண்டு நாள் ஒரு கூடை விற்றால் ஊர்ச் சரக்கு தீர்ந்துவிடாது. பெட்டி பெட்டியாக வருகிற தக்காளி, கத்தரிக்காய் பிரச்சினையும் இதில் தீராது. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கூடை ஒரு தொடக்கம். அதைக் கோரிக்கையாக மாற்றி, சர்க்காரைக் கொள்முதல் செய்ய வைத்தால்தான் நாற்பது, ஐம்பது குடும்பத்துக்கு நிலையான விலை கிடைக்கும்.

நாமும் திருந்தணும்

கோரிக்கைக்குப் போவதற்கு முன்னால் நம்ம முதுகையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். பிள்ளை பச்சையாகக் கடித்துத் தின்னப் போகிற காய் இது. நேற்றுச் சாயங்காலம் மருந்தடித்துவிட்டு இன்றைக்குக் காலையில் பறித்த வெள்ளரியை எந்த முகத்தோடு நீட்டுவது? மருந்து டப்பாவில், கடைசியாக அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கணும் என்று போட்டிருக்கிறது. எத்தனை பேர் பார்க்கிறோம்? மார்க்கெட்டில் விலை ஏறின அன்றைக்கு அந்தக் கெடுவை மதிக்கிறோமா?

கம்பெனியின் பாக்கெட்டைக் குறை சொல்கிற நமக்கு, நம்ம கூடையைச் சுத்தமாக வைக்கிற கடமை இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற காயை எந்தத் தோட்டத்தில் பறிப்பது என்று கிளைக் கூட்டத்தில் முதலிலேயே முடிவு செய்யணும். அந்தத் தோட்டத்தில் என்ன அடித்தோம், எந்தத் தேதியில் அடித்தோம் என்று நோட்டில் எழுதணும். கழுவுகிற தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருக்கணும். செய்தித்தாளில் மடிக்கக் கூடாது, அச்சு மை தின்பண்டத்தில் ஏறும். வாழை இலை, மந்தாரை இலை, தேக்கு இலை நம்மிடம் இல்லையா?

சட்டம் ஒன்றும் தெரிந்துகொள்ளுங்கள். விவசாயி தன் விளைச்சலை அப்படியே விற்பதற்கு 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஆனால் அவித்து, நறுக்கி, பொட்டலம் போட்டு விற்றால் அது உணவு வியாபாரம், பதிவு எடுக்கணும். தெரியாமல் மாட்டிக்கொள்ள வேண்டாம். கிளைச் செயலாளரிடம் சொன்னால் சங்கமே விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும்.

சட்டம் இருக்கு, வாசலில் இல்லை

இன்னொரு சட்டம் இருக்கிறது. இது நமக்குச் சாதகமான சட்டம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் பள்ளிக் குழந்தைகளுக்காக விதிமுறை கொண்டுவந்தது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகம் உள்ள தின்பண்டங்களைப் பள்ளிக்கூட உணவகத்திலோ விடுதியிலோ, பள்ளி வாசலில் இருந்து எந்தப் பக்கமும் 50 மீட்டருக்குள்ளோ பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. பள்ளி வளாகத்தில் விளம்பரமும் கூடாது.

உங்க ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று ஐம்பது மீட்டர் அளந்து பாருங்கள். எத்தனை சரம் தொங்குது? யார் கேட்டார்கள்? ரோட்டோரம் காய் விற்கிற கிழவியின் கூடையை எடுத்துப்போக ஆள் வரும். இந்த விதியை நடைமுறைப்படுத்த ஆள் வராது!

அதற்காகப் பெட்டிக்கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவரும் நம்மை மாதிரி ஒரு சின்ன ஆள்தான். ஒரு சரம் விற்றால் அவருக்குக் கிடைப்பது சில ரூபாய். நம்ம கடலையையும் கொய்யாவையும் அவர் கடையிலேயே வைக்கச் சொல்லுங்கள். அதைவிடக் கூடக் கமிஷன் கொடுப்போம். உருளைக்கிழங்குக்கும் நாம் எதிரி இல்லை. மேல்மலையில் அதைப் போடுகிறவர்களும் நம்ம ஆட்களே. நம்ம சண்டை, விளைவித்தவனையும் தின்கிற பிள்ளையையும் ஏமாற்றுகிற ஏற்பாட்டோடுதான்.

சர்க்கார் நினைத்தால் முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1982-இல் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 1999-இல் இதே மதுரையில்தான் முதல் உழவர் சந்தையும் திறந்தது. பக்கத்து மாநிலம் கேரளாவைப் பாருங்கள். நம்மகிட்ட இருந்து லாரி லாரியாகக் காய் வாங்குகிற அந்த மாநிலம் 2020 நவம்பரில் பதினாறு காய், கனி, கிழங்கு வகைகளுக்கு அடிப்படை விலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் இருபது சதவீதம் சேர்த்து நிர்ணயம் செய்தது. வாங்குகிற ஊருக்கு அந்த அறிவு இருக்கும்போது, விளைவிக்கிற ஊருக்கு ஏன் இருக்கக் கூடாது?

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாம்பார் கொதிக்கிறது. அந்தச் சாம்பாரில் போடுகிற காய் எங்கிருந்து வருகிறது? நாம் ஒட்டன்சத்திரத்தில் போட்ட காய், கமிஷன் கடை, மொத்தக் கடை, சில்லறைக் கடை என்று சுற்றி, வாடிப் போய், மூன்று மடங்கு விலையில் அதே ஊருக்குத் திரும்பி வருகிறது. பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னாலேயே நம்ம தோட்டம் இருக்கு!

நமது கோரிக்கைகள்

மாநில, மாவட்ட நிர்வாகங்களைச் சங்கம் கேட்பது இவைதான்.

1. பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டர் என்ற 2020 விதிமுறையை ஒவ்வொரு ஊரிலும் நடைமுறைப்படுத்து. அந்த எல்லைக்குள் காய், கனி, கிழங்கு, பயறு விற்க விவசாயிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் இடம் ஒதுக்கு.

2. சத்துணவு, காலை உணவுக்கு வேண்டிய காய்கறியை அந்தந்த ஒன்றியத்தின் சிறு விவசாயிகளிடம் நேரடியாகக் கொள்முதல் செய். விலையைப் பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடு. பணத்தைப் பதினைந்து நாளுக்குள் பட்டுவாடா செய்.

3. பள்ளிகளில் வாரம் இரண்டு நாளாவது சாயங்காலச் சிற்றுண்டியாக அவித்த கடலை, சுண்டல், கிழங்கு, கேரட், கொய்யா கொடு.

4. ஒவ்வொரு உழவர் சந்தையிலும் காய் கழுவி, தரம் பிரித்து, பொட்டலம் போட ஒரு கூடமும் சிறிய குளிர் அறையும் கட்டு. அதை விவசாயிகள் குழுவின் பொறுப்பில் விடு.

5. காய்கறிகளுக்கு உற்பத்திச் செலவை வைத்துக் குறைந்தபட்ச ஆதார விலை அறிவி.

6. சிறு விவசாயிகளின் உற்பத்தியாளர் குழுக்கள் சொந்தப் பெயரில் பொட்டலம் போட்டு விற்க, உணவுப் பதிவையும் பயிற்சியையும் கட்டணம் இல்லாமல் கொடு.

செய்ய வேண்டியது

கோரிக்கையை எழுதி வைத்தால் மட்டும் யாரும் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். உழவர் பட்டபாடு எல்லாம் போராடிப் பெற்றதுதான். ஒவ்வொரு கிளையும் நாலு வேலை செய்யணும்.

முதல் வேலை, வருகிற கிராமசபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி, நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற நம்ம தாய்மார்கள் அங்கே 50 மீட்டர் விதியைப் பற்றிப் பேசணும். மூன்றாவது, வாரத்தில் ஒரு நாளாவது பள்ளிக்கூட வாசலில் கூடை வைத்துக் காட்டுங்கள். நாம் கேட்பது நடக்கிற காரியம்தான் என்று ஊர் பார்க்கணும். நாலாவது, கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்துக்கு அடுத்த தடவை மனுவோடு மட்டும் போகாதீர்கள். கூடையோடு வாருங்கள்! அவித்த கடலையும் கீறின வெள்ளரியும் அதிகாரிகள் மேஜையில் வைப்போம். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் பாக்கெட்டையும் வைப்போம். எது உங்க பிள்ளைக்கு என்று கேட்போம்!

தோழர்களே, தக்காளி விலை விழுந்தால் ரோட்டில் கொட்டுகிறோம். பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். மறுநாள் ரோடு காய்ந்துவிடுகிறது. கொட்டுகிற போராட்டம் நம்ம வேதனையைக் காட்டும். கூடை வைக்கிற போராட்டம் நம்ம வழியைக் காட்டும். இரண்டும் வேணும்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது மஞ்சப்பையைப் பிள்ளையிடம் கொடுப்பீர்கள். இன்றைக்கு அதில் பாக்கெட் இருக்கட்டும், பரவாயில்லை. அடுத்த வாரம் மார்க்கெட்டுக்குப் போகிற மூட்டையில் இருந்து நாலு பிஞ்சு வெள்ளரியை முதலில் வீட்டுக்கு எடுத்து வையுங்கள். நம்ம பிள்ளை நம்ம விளைச்சலைக் கடித்துத் தின்னட்டும். அந்தக் கரக்கென்ற சத்தம் கேட்டால், பள்ளிக்கூட வாசலுக்குக் கூடையோடு போகிற தெம்பு தானாக வரும்.

பிள்ளைக்குத் தீனி நம் காட்டிலிருந்து!
பாக்கெட்டுக்குச் சொந்தக்காரர் விளைவித்தவரே!
பள்ளிக்கூட வாசலை மீட்போம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!